டிப்பர் சைலன்சருக்குள் யூரியாக் கல்: முதல் சுத்தம் பதினோரு நாள்தான் தாங்கியது

இரண்டாவது சுத்தத்துக்குப் பின் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு டோசரை (புகைக்குழாய்க்குள் டெஃப் என்ற யூரியா திரவத்தைப் பீச்சும் கருவி) கழற்றினால் நுனியில் விரலால் தொட்டாலே உதிரும் வெள்ளைப் பொடி மட்டும்தான் இருந்தது. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் எஃகின் நீலப் பூச்சு தெரிந்தது, கல் எதுவும் இல்லை. வேலை முடிந்தது என்று நம்பலாம் என்பதால் இப்போது எழுதுகிறோம். இதற்கு முன் ஒரு தடவை இதே வண்டியில் ‘முடிந்தது’ என்று நினைத்து ஏமாந்தோம். அந்தத் தவறும் இதில் இருக்கிறது.

வண்டி, சங்ககிரிப் பக்கம் குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே ஓடும் பத்து சக்கர பிஎஸ்-6 டிப்பர். மீட்டரில் 1,12,000 கி.மீ. ஒரு நடை ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. அதிலும் பாதி நேரம் லோடு வரிசையில் நின்றபடி ஐடிலில் இரையும். வந்த புகார்: டெஃப் விளக்கு எரிகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. ஸ்கேனரில் வந்த பிழைக் கோடு (code) எஸ்பிஎன் 4364, எஃப்எம்ஐ 18. எஸ்சிஆர் (புகையின் நைட்ரஜன் ஆக்சைடை அம்மோனியாவால் குறைக்கும் கேட்டலிஸ்ட் பெட்டி) செய்ய வேண்டிய அளவுக்கு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கவில்லை என்று அர்த்தம்.

வேதியியல் தேவையான அளவுக்கு மட்டும். டெஃப் என்பது 32.5 சதவீத யூரியா கரைந்த சுத்தமான தண்ணீர். சூடான புகையில் பாய்ந்ததும் முதலில் தண்ணீர் ஆவியாகும், பிறகு யூரியா உடைந்து அம்மோனியாவாகவும் ஐசோசயனிக் அமிலமாகவும் பிரியும். அந்த அமிலம் நீராவியோடு சேர்ந்து இன்னொரு அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தரும். வேண்டியது அம்மோனியா. வேலை செய்வது அதுதான். வம்பெல்லாம் ஐசோசயனிக் அமிலத்தால் வருகிறது. போதிய சூடு கிடைக்காத சுவரில் உருகிய யூரியா படிந்து கிடந்தால் இது அதோடு ஒட்டி பையூரெட் ஆகும், அதற்கு மேல் சயனூரிக் அமிலம், அதற்கும் மேல் அம்மெலைடு. படிக்குப் படி கெட்டியாகும், தண்ணீரில் கரைவது குறையும், எரித்துப் போக்கத் தேவையான சூடும் ஏறும். ஆகவே சைலன்சருக்குள் இருக்கும் ‘யூரியாக் கல்’ ஒரே பொருள் இல்லை. இதை முதலிலேயே மனதில் வைத்திருந்தால் ஒரு கேஸ் சிலிண்டரும் இரண்டு நாள் கூலியும் மிஞ்சியிருக்கும்.

சென்சாரைத் தொடும் முன்

இந்தக் கோடு வந்தால் பலர் முதலில் மாற்றுவது பின்பக்க நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரை. விலை ஐந்து இலக்கம். அது அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணிக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்ப்ரே கோணலாகி ஒரு பக்கம் அம்மோனியா மிஞ்சி வெளியேறினாலும் சென்சார் ‘நாக்ஸ் அதிகம்’ என்றுதான் காட்டும். சென்சார் பொய் சொல்லவில்லை, இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் சென்சாரை அப்படியே விட்டுவிட்டு டாங்கிலிருந்து தொடங்கினோம்.

டாங்கில் இருந்த டெஃப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலில் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) பார்த்தோம். டெஃப்புக்கென்றே அளவுகோல் போட்டது, சுமார் ₹1,600. ஐஎஸ்ஓ 22241 தரப்படி 31.8 முதல் 33.2 வரை இருக்கலாம். வந்தது 31.2. ஷெட்டில் இருந்த 200 லிட்டர் டிரம்மிலும் அதே அளவு. டிரம் இருந்தது தகரக் கூரைக்கு அடியில், மேற்கு வெயில் நேராக அடிக்கும் மூலையில். தயாரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

டெஃப்பின் ஆயுள் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30-க்குள் 12 மாதம், 35-க்குள் 6 மாதம். 35-ஐத் தாண்டினால் மாதக் கணக்கு செல்லாது, ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் 35 எங்கே நிற்கப் போகிறது? அந்தச் சூட்டில் யூரியா மெல்ல மெல்லத் தண்ணீரோடு சேர்ந்து அம்மோனியாவாகிறது, மூடி தளர்ந்தால் பறந்துவிடுகிறது. டிரம் மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தது. மூக்கை மட்டும் நம்ப வேண்டாம், புது டெஃப்புக்கும் லேசான வாடை உண்டு.

அதே டிரம்மில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கைப்பம்பின் நுனியில் யாரோ பித்தளை நிப்பிள் மாட்டியிருந்தார்கள். மரையைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. அம்மோனியா செம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். டெஃப்பில் செம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தரம், அதற்கு மேல் போனால் கேட்டலிஸ்ட்டுக்குக் கெடுதல். பித்தளை, செம்பு, ஜிஐ, அலுமினியம் எதுவும் டெஃப்பைத் தொடக்கூடாது. 304 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), எச்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் போன்றவை மட்டும்.

வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றியிருப்பார்களோ என்ற சந்தேகமும் வந்தது. 2015 முதல் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கரைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும், குலுக்கினால் நுரைக்கும், வேப்பவாடையும் காட்டிக் கொடுத்துவிடும். இதில் அது எதுவும் இல்லை. (மானிய யூரியாவை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். தவிர உர யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை அனுமதி உண்டு, டெஃப்பில் 0.3-தான்.) டாங்கிலிருந்த 35 லிட்டரையும் வடித்து எறிந்தோம். ரிசல்ட் மாறவில்லை. பழைய டெஃப் வேலைத் திறனைக் குறைக்கும், ஆனால் இவ்வளவு கல்லை அது தனியாகக் கட்டாது.

திறந்து பார்த்தபோது

டோசரை மூன்று போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. குளிர்ந்த வண்டியில் கழற்ற வேண்டும், கூலன்ட் லைனை முதலில் கவ்வியால் நெரித்துக்கொள்ள வேண்டும். நுனியில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளைக் குமிழ். மூன்று துளைகளில் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்தது. அளவுச் சோதனையில் 100 மில்லி வர வேண்டிய இடத்தில் 71 மில்லிதான் வந்தது. அதிலும் ஒரு பாய்ச்சல் குழாயின் பக்கவாட்டில் நேராக மோதியது.

வி-பேண்ட் கிளாம்ப்பைக் கழற்றி, டெஃப்பும் புகையும் கலக்கும் மிக்ஸிங் குழாயை இறக்கினோம். டோசருக்கு எதிர்ச்சுவரிலும் அதற்குக் கீழே வளைவிலும் கல் கட்டியிருந்தது. தட்டி எடுத்து நிறுத்ததில் 380 கிராம். குறுக்கே உடைத்ததும் பலாக்கொட்டையை வெட்டினது போல அடுக்குகள் தெரிந்தன. மேலே உப்பு மாதிரி மினுக்கும் வெள்ளை, நடுவில் சுண்ணாம்பு மாதிரி மங்கல் வெள்ளை, எஃகோடு ஒட்டிய பக்கம் பழுப்பும் சாம்பலுமாகப் பீங்கான் மாதிரி. அடிப் பகுதியை நகத்தால் கீறினால் கோடு விழவில்லை.

இந்தக் கல்லை வைத்துச் செய்த ஜாடிச் சோதனைதான் இந்த வேலையிலேயே உருப்படியானது. ஆனால் அதை முதல் சுத்தத்துக்குப் பிறகுதான் செய்தோம். வரிசை தலைகீழ். முதல் சுத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

முதல் சுத்தம், அதாவது தப்பு

டோசரை 60 டிகிரி வெந்நீரில் நுனி மட்டும் முங்கும்படி 40 நிமிடம் வைத்தோம். காலிஃபிளவர் முழுவதும் கரைந்தது. மென்மையான நைலான் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவினால் துளைகள் மூன்றும் சுத்தம். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடக்கூடாது. அதோடு ஸ்ப்ரே கோணம் போய்விடும். (இந்த வெந்நீருக்கெல்லாம் நைலான் அசையாது.) இது வரை சரி.

குழாய்க்கும் வெந்நீர் ஊற்றினோம். மேல் வெள்ளை கரைந்தது, அதற்குக் கீழே அசையவில்லை. வினிகர் ஊற்றினோம், எதுவும் நடக்கவில்லை. அப்போது கோபத்தில் எடுத்தது கேஸ் டார்ச். குழாயை வெளிப்பக்கமிருந்து சுட்டதும் வெள்ளைப் புகை கிளம்பியது. அரை நிமிடத்தில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, பட்டறையை விட்டு எல்லோரும் வெளியே ஓட வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். சயனூரிக் அமிலம் 320 டிகிரிக்கு மேல் உடையும். உடைந்தால் எதிலிருந்து வந்ததோ அதற்கே திரும்புகிறது: ஐசோசயனிக் அமில வாயு. கண், மூக்கு, நுரையீரல் எதையும் விடாது. துணி மாஸ்க் அதற்குத் தடுப்பே இல்லை. அதைவிடக் கேலி, டார்ச் படாத குழாயின் குளிர்ந்த முனையில் புதிதாக வெள்ளைப் பொடி படிந்திருந்தது. வாயு அங்கே போய்க் குளிர்ந்து திரும்பவும் கட்டிக்கொண்டது. அதாவது கல்லை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மிச்சத்தை உளியால் கொத்தி எடுத்து, கழுவி, புது கேஸ்கெட் போட்டு, 9 நியூட்டன் மீட்டரில் போல்ட் முறுக்கி வண்டியை அனுப்பினோம். கோடு அழிந்தது, இழுவை வந்தது. பதினோராவது நாள் அதே விளக்கு, அதே கோடு. திறந்தால் அதே இடத்தில் 40 கிராம் புதுக் கல்.

எமுலேட்டர் பெட்டி (எல்லாம் சரி என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய் சிக்னல் தருவது) மாட்டி ஏமாற்றிவிடலாம் என்ற யோசனையும் எழாமல் இல்லை. சட்டவிரோதம். அதோடு கல்லும் அப்படியே உள்ளேயே கிடந்து புகைப்பாதையை அடைக்கும்.

ஜாடிச் சோதனை

முன்பு உடைத்து வைத்த துண்டுகளை மூன்று அடுக்காகப் பிரித்தோம். தேவைப்பட்டது: சமையலறைத் தராசு, நான்கு கண்ணாடி ஜாடி, வினிகர், காஸ்டிக் சோடா, உரக்கடை மயில்துத்தம் 50 கிராம், பிஎச் தாள். மொத்தம் ₹400-க்குள்.

முதல் கேள்வி, இது போர் தண்ணீரின் சுண்ணாம்பா, யூரியாவின் கல்லா? துண்டை முதலில் வெந்நீரில் கழுவி, பிறகு வினிகரில் போட வேண்டும். கழுவாமல் போட்டால் ஒட்டியிருக்கும் அம்மோனியம் கார்பனேட்டே நுரைத்து ஏமாற்றிவிடும். கழுவிய துண்டு நுரைக்கவில்லை. சுண்ணாம்பு இல்லை. வினிகருக்கு இந்த வேலையில் இருக்கும் ஒரே பயன் இதுதான், சுத்தம் செய்ய அது உதவாது.

இரண்டாவது, மேல் அடுக்கு. 10 கிராமை 200 மில்லி வெந்நீரில் போட்டுக் கலக்கினால் பத்து நிமிடத்தில் காணவில்லை. வெறும் யூரியா.

நடு அடுக்கு. அரிசி அளவு துண்டைப் பொடித்து 5 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, 10 சதவீத காஸ்டிக் கரைசல் ஐந்து சொட்டு, ஒரு சதவீத மயில்துத்தக் கரைசல் இரண்டே சொட்டு. கத்திரிப்பூ நிறம் வந்தது. பையூரெட். துத்தத்தை இரண்டு சொட்டுக்கு மேல் விட்டால் அதன் நீலமே எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் ஜாடியில் அப்படித்தான் ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண யூரியாவை எஸ்எஸ் கரண்டியில் மெழுகுவத்தி மேல் பிடித்தோம். 133 டிகிரியில் உருகுகிறது, பிறகு அம்மோனியா வாடையோடு குமிழ் விடுகிறது, கொஞ்ச நேரத்தில் கலங்கி இறுகுகிறது. அந்த இறுகினதைக் கரைத்துச் சோதித்தால் அதே கத்திரிப்பூ நிறம். உருக்காத யூரியாவில் அந்த நிறம் வருவதில்லை. சைலன்சர் சுவரில் நடப்பதை இந்தக் கரண்டியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடி அடுக்கு. 5 கிராமைப் பொடித்து 250 மில்லி கொதிநீரில் அரை மணி நேரம் வைத்தோம். பெரும்பகுதி கரைந்தது, அடியில் சாம்பல் நிறமாக ஒரு கிராம் போல மிஞ்சியது. தெளிந்த நீரைத் தனியாக வடித்து மூடி வைத்தோம். மறுநாள் காலை ஜாடியின் அடியில் வெள்ளைப் படிகங்கள் பூத்துக் கிடந்தன. சயனூரிக் அமிலம் இப்படித்தான். 25 டிகிரியில் 100 மில்லித் தண்ணீரில் கால் கிராம் சொச்சம்தான் கரையும், 90 டிகிரியில் இரண்டரை கிராம் வரை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஏன் பலன் இல்லை என்பதற்கு அந்த ஜாடியே விடை. நீச்சல் குளக் குளோரின் வெயிலில் போகாமல் இருக்கப் போடுவதும் இதே அமிலம்தான். மிஞ்சிய சாம்பல் பொடி, அம்மெலைடும் புகைக்கரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். அம்மெலைடு தண்ணீருக்கு மசியாது.

கடைசியாக, அடி அடுக்குத் துண்டை 5 சதவீத காஸ்டிக் கரைசலில் 60 டிகிரியில் போட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் கலங்கிய கரைசல் மட்டும் மிஞ்சியது. நகம் கீறாத கல் அது.

இரண்டாவது சுத்தம்

காஸ்டிக் வேலை செய்யும் என்று தெரிந்ததும் அதைக் கண்ட இடத்தில் ஊற்றிவிடக்கூடாது. டோசரின் உடல் அலுமினியம். காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கிக்கொண்டு அரித்துவிடும். கேட்டலிஸ்ட்டுக்குச் சோடியம் விஷம், போனால் திரும்பாது. ஆகவே கேட்டலிஸ்ட் பெட்டியிலிருந்து முழுவதும் தனியாகக் கழலும் எஸ்எஸ் மிக்ஸிங் குழாய்க்கு மட்டும்தான் இந்த வழி. இந்த வண்டியில் அது தனியாகக் கழன்றது. ஒரே பெட்டியாக வெல்டு பண்ணி வருபவற்றில் காஸ்டிக்கை நினைக்கவே வேண்டாம்.

முதலில் குழாயை வெந்நீரில் இரண்டு தடவை அலசி யூரியா முழுவதையும் போக்கினோம். இதைத் தவிர்த்தால் சூடான காஸ்டிக் மிச்ச யூரியாவை உடைத்து அம்மோனியாவைக் கிளப்பிவிடும். பிறகு பிளாஸ்டிக் டப்பில் 20 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கிலோ காஸ்டிக் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முகமூடிக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, திறந்த வெளி. இரண்டு மணி நேரம் ஊறிய பின் எஸ்எஸ் பிரஷ்ஷால் தேய்த்ததில் வளைவுக்குள் இருந்த பீங்கான் ஓடு பாளமாகக் கழன்றது. இன்னும் ஒரு மணி நேரம் ஊற வைத்து, பைப் தண்ணீரில் ஆறு தடவை, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை அலசினோம். பிஎச் தாள் நிறம் மாறாமல் இருக்கும் வரை நிறுத்தக்கூடாது. இங்கே மிஞ்சும் ஒவ்வொரு சொட்டும் நேராகக் கேட்டலிஸ்ட்டுக்குத்தான் போகும்.

கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், மாட்டுத் தொட்டி இருக்கும் பக்கம் அறவே வேண்டாம். சயனூரிக் அமிலம் தனியாக அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆனால் இந்தக் கல்லிலேயே கொஞ்சம் மெலமைனும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கும். 2007-ல் வட அமெரிக்காவில் கலப்பட நாய், பூனைத் தீவனம் தின்ற பிராணிகள் செத்தது இந்தக் கூட்டணியால்தான்.

ஏன் கட்டியது

சுத்தம் செய்வது பாதி வேலை. பதினோரு நாளில் திரும்பி வந்த கல், காரணம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

குழாயின் வெளிச்சுவரில் சூட்டை அளக்க முதலில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டினோம். 90 டிகிரி என்றது. பளபளக்கும் எஸ்எஸ் மேல் அது எப்போதும் குறைத்தே காட்டும். கே-டைப் தெர்மோகப்பிளை (தொட்டுச் சூடு அளக்கும் கம்பி) ஹோஸ் கிளாம்ப்பில் இறுக்கிக் கட்டிப் பார்த்ததும் உண்மை வந்தது. லோடு வரிசையில் மெல்ல நகரும்போது புகையின் சூடு ஸ்கேனரில் 240, டோசருக்கு எதிர்ச்சுவர் 145. யூரியா உருகி உட்கார்ந்து பையூரெட் ஆவதற்கு இதைவிட வாகான இடம் கிடையாது.

புகைக்கும் சுவருக்கும் நடுவே ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதே மாடல் வண்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதில் மிக்ஸிங் குழாய்க்கு மேல் தகட்டுடன் வெப்பக் காப்பு உறை இருக்கிறது. நம் வண்டியில் அது இல்லை. முன்பு எப்போதோ சைலன்சர் பிராக்கெட் வெல்டிங்குக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். வெறும் தகடுதானே என்று நினைத்திருப்பார்கள். சுவர் குளிர்ந்தது அதனால்தான்.

இரண்டாவது காரணம் டிரைவர் கையில் இருந்தது. இஞ்சினை அணைத்த கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்சையும் திருகிவிடுவார். சாவியைத் திருப்பிய பிறகும் டெஃப் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, லைனிலும் டோசரிலும் இருக்கும் திரவத்தை டாங்குக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காதை வைத்தால் அந்த ர்ர்ர் சத்தம் கேட்கும். கரண்ட்டை அறுத்துவிட்டால் டோசர் நுனியில் நிற்கும் திரவம் மிச்சச் சூட்டில் காய்ந்து காலிஃபிளவராகப் பூக்கும். ஸ்ப்ரே கோணலாவது அங்கே ஆரம்பிக்கிறது, கோணலான ஸ்ப்ரே குளிர்ந்த சுவரில் மோதுகிறது. ஒன்று இன்னொன்றுக்கு வழி விட்டிருக்கிறது.

கம்பெனி உறை கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை தாங்கட்டும் என்று 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வையை (கன மீட்டருக்கு 128 கிலோ ரகம்) இரண்டு சுற்று சுற்றி, மேலே 0.5 மி.மீ. எஸ்எஸ் தகடு போட்டு நான்கு ஹோஸ் கிளாம்ப்பில் கட்டினோம். நாக்ஸ் சென்சாரின் வயரையும் டோசரையும் மூடக்கூடாது. டோசர் கூலன்ட்டால் குளிர வேண்டிய பொருள், அதையும் போர்த்தினால் வெந்து போகும். வெட்டும்போது பறக்கும் நார் நுரையீரலுக்கு ஆகாது, என்95 போட்டுக்கொண்டு வெட்டவும். அதே வரிசையில் அதே நகர்வில் சுவர் இப்போது 200. லோடோடு சாலையில் 270-க்கு மேல். 200 என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, பையூரெட் சயனூரிக் அமிலமாக மாறும் இடம்தான் அது. ஆனால் சாலை ஓட்டத்தில் ஏறும் சூடு மெல்லிய படலத்தை அப்போதைக்கப்போது போக்கிவிடுகிறது.

கடைசியாக, வண்டியை நிறுத்தி வைத்து ஸ்கேனர் வழியாக ரீஜென் (புகையின் சூட்டை ஏற்றி உள்ளே படிந்ததைப் போக்குவது). 35 நிமிடம், எஸ்சிஆர் வாயிலில் 540 டிகிரி வரை ஏறியது. கேட்டலிஸ்ட் முகத்தில் ஒட்டியிருந்த கையெட்டாத படலத்துக்கு இதுதான் மருந்து. சிமெண்டுத் தரையில், பின்பக்கம் நான்கைந்து மீட்டருக்குக் காய்ந்த புல்லோ ஆளோ இல்லாமல். டார்ச் செய்ததும் சூடுதான், ரீஜென் செய்வதும் சூடுதான். ஆனால் இங்கே வாயு போகும் வழியில் நீராவியும் கேட்டலிஸ்ட்டும் இருப்பதால் ஐசோசயனிக் அமிலம் அம்மோனியாவாக மாறிப் போகிறது. பட்டறைக்குள் நம் தொண்டையை அது பிடிக்கவில்லை.

டோசர் அளவுச் சோதனை இப்போது 98 மில்லி, மூன்று பாய்ச்சலும் தனித்தனியாக, சுவரைத் தொடாமல்.

கணக்கு

புது டெஃப் 20 லிட்டர் வாளி இரண்டு ₹2,300. டோசர் கேஸ்கெட் இரண்டு தடவைக்கும் ₹900. வி-பேண்ட் கிளாம்ப் ஒன்று ₹650, பழையதின் மரை வழுக்கிவிட்டது. காஸ்டிக், துத்தம், பிஎச் தாள் ₹520. செராமிக் போர்வை, தகடு, கிளாம்ப் ₹2,900. கூலி இரண்டு தடவைக்கும் சேர்த்து ₹7,500, அதில் முதல் ₹3,500 தண்டம். ரிஃப்ராக்டோமீட்டரையும் தெர்மோகப்பிளையும் பட்டறைச் செலவில் எழுதிக்கொண்டோம். சென்சாரும் டோசரும் புதிதாக வாங்கவில்லை.

அடுத்த வண்டி வந்தால் வரிசை மாறும். டோசரைக் கழற்றும் முன்பே தெர்மோகப்பிள் கட்டிச் சுவர்ச் சூட்டை எழுதிக்கொள்வோம், உறை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்போம். கல்லைக் கொத்தும் முன் ஒரு துண்டை உடைத்து அடுக்கு பார்ப்போம். மேல் வெள்ளை மட்டும் என்றால் வெந்நீரும் ரீஜெனும் போதும், காஸ்டிக் தேவையில்லை. டார்ச் பட்டறையில் வேறு வேலைக்குத்தான்.

டிரம்மை விட்டுவிட்டு 20 லிட்டர் வாளிக்கு மாறியாயிற்று. இரண்டு வாளிக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. வாளிகள் இப்போது ஆபீஸ் அறையின் மேசைக்கு அடியில் இருக்கின்றன, தயாரிப்புத் தேதி மார்க்கரில் மூடி மேல். கட்-ஆஃப் சுவிட்ச்சின் மேல் ‘ர்ர் சத்தம் நிற்கட்டும்’ என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார் டிரைவர், அவரே எழுதினது. கம்பெனி உறை இன்னும் வந்து சேரவில்லை. போர்வையின் ஒரு ஓரம் மண்ணும் அதிர்வும் பட்டு நைந்திருக்கிறது, அடுத்த எட்டாயிரத்தில் திறக்கும்போது அதையும் மாற்ற வேண்டும்.